போன் கண்காட்சியில் அப்பா வாசித்த செய்தி

கான்சேடான் தெரு:
2014 கடைசி. சிம் 1,500 கியாட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, ரங்கூனே போன் வாங்கக் கிளம்பிய நேரம். ஊ விசார சாலை மண்டபத்துக் கண்காட்சிக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் உங்களுக்கே தெரியும். ஒரு ஸ்டாலில், "இதில் தமிழ் வருமா?" என்று அப்பா பர்மியத்தில் கேட்டார். பையன் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். நான் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்துவைத்தேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சொல் சொல்லாக விரல் வைத்து வாசித்தார். விரல் பட்டதும் பக்கம் நகர்ந்துவிடும். இழுத்து வைத்து மறுபடி வாசிப்பார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், பையன் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கிவிட்டோம். பர்மிய எழுத்து உடைந்து வந்ததால், அடுத்த மேசையில் ரூட் செய்து (போனின் பூட்டைத் திறந்து உள்ளே கைவைப்பது), ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவைப் போட்டுத் தந்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் பர்மியம் சரி, தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது. திரும்பப் போனால் ரூட் செய்த போனுக்கு வாரண்டி இல்லையாம். அப்பா கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மோல்மேன் அண்ணன்:
ஸோஜியைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. அன்றைக்கு அது இல்லாமல் பேஸ்புக்கில் ஒரு வரி படிக்க முடியாது. நானும் அங்கேதான் போட்டுக்கொண்டேன். கண்காட்சியில் போன் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், போனைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய மொழிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வரி நீங்களே தட்டிப் பாருங்கள். ரூட் செய்யச் சம்மதிக்காதீர்கள். வாரண்டி சீட்டில் கடை முத்திரை விழாமல் ஸ்டாலை விட்டு நகராதீர்கள். பழைய ஸோஜிச் செய்திகளை யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாற்றச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டோன்காரி:
அண்ணே, ஸோஜி எல்லார் போனிலும் இருந்தால் சரியாகிவிடுமா? பர்மாவின் மற்ற மொழிகளான மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடத்தில்தானே ஸோஜி உட்கார்ந்துகொண்டது? என்னோடு கண்காட்சிக்கு வந்த மோன் தோழி தன் பெயரை மோனில் தட்டினாள். வேறு எதுவோ வந்து நின்றது. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்துவிட்டாள், நான் பின்னாலேயே ஓடினேன். 2019 அக்டோபர் 1-இல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன்.

கான்சேடான் தெரு:
மோல்மேன் அண்ணே, நன்றி. அந்தப் போன் இப்போது உயிர் பெறுவதே இல்லை, அலமாரியில் இருக்கிறது. தட்டோன் அக்கா சொன்னதைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அப்பா அன்றைக்கு வாசித்தது தஞ்சாவூர்ப் பக்கம் மழை என்ற செய்தி. தாத்தா அங்கிருந்துதான் கப்பல் ஏறி வந்தார். அப்பா அந்த ஊரைப் பார்த்ததில்லை. அதையே இரண்டு தடவை வாசித்தார்.