கறைபட்ட ராணுவ அதிகாரியின் பெயர் இறந்தபின் மீள்வது: மன்னிப்பு, ரத்து, பதவி மீட்பு எல்லாம் ஒன்றா?

ஏடுபுரட்டி:

ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற, அல்லது விசாரணையே இல்லாமல் ஒதுக்கப்பட்ட அதிகாரிகளைப் பற்றி ஒரு தொகுப்புக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் பிங், டிரைஃபஸ், கிம்மல், மெக்வே, டயர் இருக்கிறார்கள். தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் யாரை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: “பின்னாளில் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.” உண்மையிலேயே எல்லாருக்கும் அப்படித்தான் நடந்ததா? மன்னிப்பு கிடைத்தால் தீர்ப்பு ஒழிந்துவிடுமா? சிலருக்கு முழுமையாகவும் சிலருக்கு அரைகுறையாகவும் கிடைப்பது ஏன்? ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எந்த ஆவணத்தை முதலில் பார்க்க வேண்டும்? ஜாலியன்வாலா பாகில் சுட உத்தரவிட்ட டயர் மேல் வழக்கே நடக்கவில்லை என்று படித்தேன். அவரை எந்த வரிசையில் வைப்பது?

நங்கூரம்:

குற்றச்சாட்டின் வாசகத்திலிருந்து தொடங்குங்கள். வாழ்க்கை வரலாறு, இரங்கற்குறிப்பு, பேரப்பிள்ளைகளின் மனு எல்லாம் அதற்குப் பிறகு. என்ன குற்றம் சாட்டினார்கள், அதில் எந்தப் பகுதி நிரூபணம் ஆனது என்று தெரியாமல் எழுதினால் அடுத்த வரியே தப்பாகிவிடும்.

பிரிட்டிஷ் அட்மிரல் ஜான் பிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1756 மே 20-இல் மினோர்கா தீவுக்கு அருகே பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதினார். வெற்றியும் இல்லை, பெருந்தோல்வியும் இல்லை. ஆலோசனைக் கூட்டம் நடத்திவிட்டு ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். தீவில் முற்றுகையில் கிடந்த பிரிட்டிஷாரின் செயின்ட் ஃபிலிப் கோட்டை விழுந்தது. அவர் மேல் பாய்ந்தது கடற்படைப் போர்ச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கோழைத்தனம், அலட்சியம், விசுவாசமின்மை என்ற மூன்றில் ஏதாவது ஒன்றால் தன்னால் ஆன முழு முயற்சியைச் செய்யாதவருக்கு மரணம் என்கிறது அது. நீதிமன்றம் கோழைத்தனம் இல்லை என்றது, விசுவாசமின்மையும் இல்லை என்றது. மிச்சம் அலட்சியம் ஒன்றுதான். ஆனால் 1749-இல் மாற்றி எழுதிய சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு மரணத்தைத் தவிர வேறு தண்டனைக்கு இடமே வைக்கவில்லை. தீர்ப்பு எழுதியவர்களே கருணை காட்டும்படி பரிந்துரைத்தார்கள். அரசர் இரண்டாம் ஜார்ஜ் இரங்கவில்லை. 1757 மார்ச் 14, போர்ட்ஸ்மத்தில் மொனார்க் கப்பலின் மேல்தளத்தில், மெத்தைமேல் மண்டியிட்டு, கைக்குட்டையைக் கீழே விட்டுத் தானே சைகை கொடுத்தார், சுட்டார்கள்.

ஆகவே “கோழை என்று சுட்டுக் கொல்லப்பட்டார்” என்று எழுதுவது பிழை. இந்தப் பிழை இன்னும் உலவுகிறது. 1779-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, மரணம் ‘அல்லது வேறு தண்டனை’ என்று சேர்த்தார்கள். சட்டம் தன் தவறைத் திருத்திக்கொண்டது, பிங்கின் தீர்ப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. 2007-இல் குடும்பத்தார் கேட்ட மன்னிப்பையும் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தரவில்லை. அப்படியிருந்தும் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அவருக்கு அநீதி நடந்தது என்றே எழுதுகிறார்கள். அரசின் ஏட்டில் குற்றவாளி, நூல்களில் பலிகடா. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தீர்ப்பு, தண்டனை, பதவி, பொதுமக்களிடம் உள்ள பெயர். ஒன்று மாறினால் மற்றது தானாக மாறாது. நல்ல உதாரணம் பிரிட்டனின் 2006 ஆயுதப்படைச் சட்டம். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு அதன் 359-ஆம் பிரிவு மன்னிப்பு வழங்கியது. அதே பிரிவுக்குள்ளேயே, இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் “306 பேரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பானது” என்று எழுதுகிறார்கள்.

செந்தாழை:

நங்கூரம் சொன்ன நான்கு கட்டங்களும் நிரம்புவது அபூர்வம். ஏறக்குறைய நிரம்பியவர் பிரெஞ்சு ராணுவ கேப்டன் டிரைஃபஸ். அவர் விஷயத்தில் மன்னிப்பும் உண்டு, ரத்தும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏழு வருடம். அதைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

1894 டிசம்பரில் தேசத்துரோகி எனத் தீர்ப்பு. 1895 ஜனவரி 5-இல் பாரிஸ் ராணுவப் பள்ளியின் முற்றத்தில், படையணி பார்க்க, சட்டையிலிருந்த பட்டைகளைப் பிய்த்து வாளை முறித்தார்கள். பிறகு டெவில்ஸ் தீவுச் சிறை. 1899-இல் ரென் நகரில் மறுவிசாரணை. ‘தணிக்கும் சூழ்நிலைகளோடு’ மறுபடியும் குற்றவாளி. சில நாட்களில் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வந்தது. அதை வாங்கிக்கொண்டபோதே, குற்றமற்றவன் என்று நிலைநாட்டும் முயற்சியை விடமாட்டேன் என்று அறிவித்தார். மன்னிப்பு அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். 1906 ஜூலை 12-இல் உச்ச நீதிமன்றம் ரென் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமலே ரத்து செய்ததுதான் முக்கியம். திருப்பி அனுப்பியிருந்தால் இன்னொரு ராணுவ நீதிமன்றம் மூன்றாவது முறையும் அதே தீர்ப்பை எழுதியிருக்கலாம்.

எது வழக்கைத் திறந்தது என்று கேட்டால், ஒரு கட்டக் கோட்டுத் தாள். டிரைஃபஸின் பெயரை நேரடியாகச் சொல்லும் கடிதம் என்று உளவுத்துறை மேஜர் ஆன்றி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1898 ஆகஸ்டில் கேப்டன் குயிஞே அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தலைப்பும் கையெழுத்தும் இருந்த துண்டின் கோடுகள் ஒரு நிறம், நடுவில் ஒட்டியிருந்த துண்டின் கோடுகள் வேறு நிறம். இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டிச் செய்த போலி. ஆன்றி ஒப்புக்கொண்டார், ஆகஸ்ட் 31-இல் சிறையில் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அதற்கு முன்பே, வழக்கின் அடிப்படையான பட்டியல் கடிதத்தின் (ஜெர்மானியருக்குக் கொடுக்கும் ரகசியங்களின் பட்டியல்) கையெழுத்து எஸ்டர்ஹாசி என்ற அதிகாரியுடையது என்பதை உளவுத்துறைத் தலைவராக இருந்த பிக்கார் கண்டுபிடித்திருந்தார். 1894 விசாரணையில் டிரைஃபஸின் வக்கீலுக்குக் காட்டாமல் நீதிபதிகளுக்கு மட்டும் ஒரு ரகசியக் கோப்பு போயிருந்தது. போலிப் பத்திரம், மறைத்த கோப்பு, உண்மையான குற்றவாளி மூன்றும் கையில் கிடைத்த வழக்கு இது. பிங் வழக்கில் அப்படி எதுவும் இல்லை. அங்கே சண்டை முழுக்க ஒரு முடிவு சரியா தப்பா என்பதில். தளபதியின் மதிப்பீட்டுப் பிழையைப் புதிய தாள் ஒன்றைக் காட்டி உடைக்க முடியாது.

பதவிக் கட்டத்தையும் பாருங்கள். 1906-இல் டிரைஃபஸை மேஜராகச் சேர்த்துக்கொண்டார்கள். பறிபோன ஆண்டுகளின் மூப்பை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. பிக்காருக்கோ பிரிகேடியர் ஜெனரல் பதவியே கிடைத்தது. மனம் நொந்து டிரைஃபஸ் 1907-இல் ஓய்வு பெற்றார், முதல் உலகப் போரில் மறுபடி சேவை செய்தார், 1935-இல் இறந்தார். அந்தப் பதவிக் குறையைச் சரிசெய்து அவரைப் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கும் சட்டம் 2025 நவம்பரில்தான் வந்தது. தீர்ப்பு ரத்தாகி 119 ஆண்டுகள் கழித்து!

கோப்பறை:

அமெரிக்க வழக்குகளில் ‘எந்தக் கதவைத் தட்டினார்கள்’ என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கதவுகள் மூன்று: படைப்பிரிவின் பதிவேடு திருத்த வாரியம், நாடாளுமன்றத் தீர்மானம், குடியரசுத் தலைவரின் மன்னிப்பு. ஒவ்வொன்றின் கைக்கும் எட்டும் தூரம் வேறு.

ஹென்றி ஃபிளிப்பர், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1877-இல் தேறிய முதல் கறுப்பின அதிகாரி. கையாடல் குற்றச்சாட்டில் விடுதலை, ‘அதிகாரிக்குத் தகாத நடத்தை’ என்பதில் குற்றவாளி, 1882-இல் பணிநீக்கம். 1940-இல் இறந்தார். 1976-இல் வாரியம் பணிநீக்கத்தைக் கௌரவமான விடுவிப்பாக மாற்றியது. தீர்ப்பை ரத்து செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதால் அதோடு நின்றது. மன்னிப்பு 1999 பிப்ரவரியில் கிளின்டனிடமிருந்து வந்தது. எனவே இவருக்கு இரண்டு தேதிகளையும் எழுத வேண்டும்.

மெக்வே, இண்டியானாபொலிஸ் கப்பலின் கேப்டன். 1945 ஜூலை 30-இல் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேரில் 316 பேர்தான் பிழைத்தார்கள். குற்றச்சாட்டு இரண்டு. கப்பலைக் கைவிடும் உத்தரவைக் காலத்தில் தரவில்லை என்பதில் விடுதலை. வளைந்து வளைந்து ஓட்டாமல் கப்பலை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்பதில் குற்றவாளி. அவருக்குக் கொடுத்த உத்தரவோ அதை அவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அந்தப் பாதையில் நீர்மூழ்கி நடமாட்டம் இருந்த உளவுச் செய்தி அவருக்குப் போய்ச்சேரவில்லை. மூழ்கடித்த ஹஷிமொட்டோவே நீதிமன்றத்துக்கு வந்து, வளைந்து போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று சொன்னார். மெக்வே 1968-இல் தற்கொலை செய்துகொண்டார். 2000-இல் நாடாளுமன்றம், கப்பல் இழப்புக்கு அவர் பொறுப்பல்லர் என்று அவர் ஆவணம் காட்ட வேண்டும் எனத் தீர்மானித்தது. 2001-இல் கடற்படைச் செயலர் அதை அவருடைய கோப்பில் சேர்த்தார். ‘சேர்த்தார்’ என்றே எழுதுங்கள். ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு கோப்பைவிட்டுப் போகவில்லை, அதன்மேல் இன்னொரு தாள் வைக்கப்பட்டது.

கிம்மலின் சிக்கல் தலைகீழ். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, பசிபிக் கடற்படைத் தளபதியான அவரையும் அங்கிருந்த தரைப்படைத் தளபதி ஜெனரல் ஷார்ட்டையும் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள், விசாரித்த ராபர்ட்ஸ் குழு ‘கடமை தவறினர்’ என்றது, ராணுவ நீதிமன்றம் கூட்டவே இல்லை. ரத்து செய்யத் தீர்ப்பு இல்லாதபோது மேல்முறையீடு எங்கே செய்வது? மிச்சம் பதவி ஒன்றுதான். போர்க்காலத்தில் வகித்த உயர்பதவியோடு ஓய்வு பெற 1947 சட்டம் மற்றவர்களுக்கு வழி விட்டது. இவர்கள் இருவரும் இரண்டு நட்சத்திரப் பதவியிலேயே நின்றார்கள். 1995-இல் பாதுகாப்புத் துறையின் டோர்ன் அறிக்கை, பழி இவர்கள் இருவருடையது மட்டுமல்ல, பலரும் பகிர வேண்டியது என்றது; ஆனாலும் பதவி உயர்வைப் பரிந்துரைக்கவில்லை. 2000-இல் நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும், நியமிப்பது அவர் கையில். அதற்குப் பிறகு வந்த யாரும் செய்யவில்லை.

பொருநை:

மேலே எல்லாரும் காகிதத்தைப் பேசியிருக்கிறீர்கள். காகிதம் இல்லாதவர்களை என்ன செய்வது? பிங் செத்த அதே ஏழாண்டுப் போர், இந்தியாவில் நடந்த பக்கத்தைப் பாருங்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி 1761 ஜனவரியில் புதுச்சேரியை இழந்தார். பாரிஸ் நீதிமன்றம் தண்டித்து 1766 மே 9-இல் வாயைக் கட்டி இழுத்துப்போய்த் தலையை வெட்டியது. மகன் விடாமல் வழக்காடினார், வால்டேர் துணைநின்றார், 1778-இல் அரசரின் மன்றம் தீர்ப்பை உடைத்தது. பிறகு வழக்கு வேறு நீதிமன்றங்களில் இழுபட்டது வேறு கதை. தண்டித்த பதிவு ஒன்று இருந்ததால்தான் அதை எதிர்த்து வாதாட முடிந்தது.

சென்னை முற்றுகையில் அதே லாலிக்கு எதிராகக் கம்பெனிக்குப் போரிட்ட கமாண்டன்ட் யூசுப்கானைப் பாருங்கள். கம்பெனியோடும் ஆற்காட்டு நவாபோடும் முறிந்து மதுரையில் எதிர்த்து நின்றார். தன்னோடிருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15-இல் சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். ரத்து செய்யத்தக்க வழக்கு எதுவும் அவருக்குக் கிடையாது. மிஞ்சியவை வென்றவர்களின் கடிதங்களும் மக்களின் கதைப்பாடலும். அதனால் கம்பெனி ஏட்டில் கலகக்காரர், இன்றைய பேச்சில் விடுதலை வீரர். பூலித்தேவரை அடக்கக் கம்பெனிக்காகப் படை நடத்தியவரும் அவரே. இரண்டு காலத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்குமே பொருந்தாத ஒரு மனிதர்தான் கிடைப்பார். ஆண்டு போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

பிரெஞ்சுத் தளபதி பெத்தானுக்கும் அப்படியே. 1916-இல் வெர்டன் போரில் வென்ற வீரர் ஒன்று, 1940-க்குப் பிறகு ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி ஆட்சியின் தலைவர் இன்னொன்று. 1945-இல் மரண தண்டனை, டி கால் அதை ஆயுளாகக் குறைத்தார், 1951-இல் யூ தீவில் இறந்தார். 1973-இல் ஆதரவாளர்கள் சவப்பெட்டியையே தோண்டித் திருடினார்கள், வெர்டன் வீரர்கள் கிடக்கும் துவோமோனில் புதைக்க. சில நாளில் பிடிபட்டது. மறுபடி அதே தீவில் புதைத்தார்கள். எந்தப் பெத்தானை நினைவுகூர்வது என்ற சண்டை அந்தப் பெட்டிமேல் நடந்தது.

இதைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் சரடோகா போர்க்களத்துக்குப் போகலாம். அமெரிக்க விடுதலைப் படையில் இருந்து பின்னாளில் பிரிட்டிஷார் பக்கம் தாவிய பெனடிக்ட் ஆர்னல்டுக்கு அங்கே 1887-இல் வைத்த நினைவுக்கல்லில் ஒரு பூட்ஸ் செதுக்கியிருக்கிறது. 1777-இல் அடிபட்ட காலின் பூட்ஸ். விடுதலைப் படையின் மிகத் திறமையான வீரர் என்று புகழும் வாசகம் உண்டு. பெயர் மட்டும் இல்லை.

ஏடுபுரட்டி:

பெரிய உதவி. நான்கு கட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். பிங்குக்கு நான்காவது மட்டும் மாறியிருக்கிறது, கிம்மலுக்கு முதல் கட்டமே காலி. டயருக்கும் முதல் கட்டம் காலிதானே? அப்படியானால் கிம்மலோடு வைக்கலாமா?

கோப்பறை:

கட்டம் ஒன்றுபோல இருப்பதால் ஆட்களை ஒன்றாக்கிவிடாதீர்கள். கிம்மல் மேல் உள்ளது தாக்குதலை எதிர்பார்க்கவில்லை என்ற குறை. 1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாகில் டயரே சுட உத்தரவிட்டார். 1,650 தோட்டாக்கள், அரசுக் கணக்கில் 379 சாவு, காங்கிரஸ் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம். விசாரித்த ஹண்டர் குழுவின் முன் அவர் எதையும் மறைக்கவில்லை, தானே விவரித்தார். மறைந்த உண்மை வெளிவந்து அவர் பெயரை மாற்ற வழியே இல்லை. சர்ச்சை முழுக்க அதை எப்படி மதிப்பது என்பதில்தான். காமன்ஸ் சபை அவரை விலக்கிய அரசின் பக்கம் நின்றது. 1920 ஜூலையில் பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்று அவருக்கு அநீதி நடந்ததாக வாக்களித்தது. மார்னிங் போஸ்ட் பத்திரிகை 26,000 பவுண்டுக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தது. அன்றைக்கே இரண்டு தீர்ப்பு, இரண்டும் அரசியல் அவைகளில். 2019-இல் தெரசா மே அந்தப் படுகொலையை வெட்கக்கேடான தழும்பு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். முறையான மன்னிப்பு கேட்கவில்லை. இங்கேயும் ‘மன்னிப்பு’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள்.

எழுதும்போது “தண்டிக்கப்பட்டார்” வேண்டாம். “பொறுப்பிலிருந்து விலகப் பணிக்கப்பட்டு ஓய்வு பெற்றார்” போதும். ‘ஜெனரல் டயர்’ என்று எல்லாரும் சொன்னாலும் நிரந்தரப் பதவி கர்னல்; பிரிகேடியர் ஜெனரல் என்பது தற்காலிகம்தான். இன்னொன்று, அவர் 1927-இல் நோயில் இறந்தார். 1940 மார்ச் 13-இல் லண்டனில் உதம்சிங் சுட்டது பஞ்சாப் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’ட்வயரை. பெயர் ஒலி ஒத்துப்போவதால் இருவரையும் ஒருவராக்கிய கட்டுரைகள் தமிழில் நிறைய.