வீடியோ கேம் ரிலீஸ் தேதியை நம்பி ஏமாந்த கதை இருந்தா இங்க கொட்டுங்க

மஞ்சக்குப்பம்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2015ல நான் ப்ளஸ் டூ. ஜிடிஏ 5 கேம், டிவில மாட்டி ஆடுற கன்சோல்ல 2013 செப்டம்பர்லயே வந்துடுச்சி, ஆனா நம்மகிட்ட இருந்தது மாமா எங்கேர்ந்தோ ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு கொண்டாந்து சொருகிக் குடுத்த கம்ப்யூட்டர், அதனால பிசி வெர்ஷனுக்குத்தான் தவம் கெடந்தேன். மொதல்ல ஜனவரி 27ன்னாங்க. வீட்டு தினசரி காலண்டர்ல கத்தையா தாளைத் தூக்கி 27ஐத் தேடி பேனாவுல வட்டம் போட்டு வெச்சேன், அம்மா என்னடான்னு கேட்டதுக்கு ரிவிஷன் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டேன். பொங்கல் நெருங்குற நேரத்துல மார்ச் 24க்குத் தள்ளிட்டான். மார்ச்னா பப்ளிக் எக்ஸாம்டா பாவி! சரின்னு அதுக்கும் ஒரு வட்டம். பிப்ரவரி கடைசில மறுபடி மாத்தி ஏப்ரல் 14ன்னான், அங்கயும் போய் வட்டம் போட்டேன். ஏப்ரல் 14 காலைல தாளைக் கிழிக்க வந்த அம்மா "வருஷப் பொறப்புன்னு அதுலயே செகப்புல போட்டிருக்கு, இவன் எதுக்கு சுத்திச் சுத்தி வெச்சிருக்கான்"னு அப்பாகிட்ட கேக்குறாங்க.

கேம் அன்னைக்கு நெஜமாவே வந்துடுச்சி. எனக்குத்தான் வரல. எங்க வீட்டு நெட்டுல அறுபது ஜிபிக்கு மேல எறக்கணும்னா ஆடி மாசம் ஆயிடும், அதனால பாண்டில ஒரு கடைல ஐநூறு ரூபா அட்வான்ஸ் குடுத்து டிஸ்க் சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டு தடவ பஸ் ஏறிப் போய் வெறுங்கையோட திரும்பினேன், மூணாவது தடவதான் குடுத்தான். ஏழு டிவிடி. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டதுல டிரைவ் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது, அஞ்சாவதுல போய் நின்னுக்கிச்சு. பனியன் துணில தொடச்சிப் போட்டப்புறம்தான் ஓடிச்சு.

கடைப்பையன்_பாண்டி:
அந்த ஐநூறு ரூபா வாங்குன பக்கம் நின்னவன் நான் தம்பி, உன் கடை இல்ல, வேற கடை. மூணு வருஷம் வேல பார்த்தேன். ஒரு ரகசியம் சொல்றேன், கடை சாஃப்ட்வேர்ல ரிலீஸ் தேதின்னு ஒரு கட்டம் இருக்கும், அத காலியா வுட்டா புக்கிங் என்ட்ரியே ஏறாது. கம்பெனிக்காரன் வெறும் வருஷத்த மட்டும் சொல்லியிருப்பான், நாங்க டிசம்பர் 31ன்னு அடிச்சு வுட்டுருவோம். நாங்க மட்டும் இல்ல, வெளிநாட்டு ஆன்லைன் கடைங்கள்லயும் இதே கததான், அந்தத் தேதியப் பார்த்தாலே சும்மா போட்டதுன்னு தெரிஞ்சிக்கலாம். ஆனா பில்லுல அது அச்சடிச்சு வந்துடுதே! விழுப்புரத்து அண்ணன் ஒருத்தர் அந்த பில்லு சீட்ட மடிச்சு பர்ஸ்ல வெச்சு கரெக்டா 31ஆம் தேதி சாயந்திரம் வந்து நிக்கிறாரு. டிசம்பர் 31 பாண்டி எப்படி இருக்கும்னு தெரியும்ல, கர்நாடகா வண்டி ஆந்திரா வண்டின்னு எல்லாம் பீச்சப் பார்த்துத் திரும்புது, அதுல நீந்தி வந்திருக்காரு மனுசன். நான் இன்னாத்த சொல்றது. டீ வாங்கிக் குடுத்து அட்வான்ஸத் திருப்பிக் குடுத்து அனுப்புனேன், மொதலாளிகிட்ட திட்டு எனக்கு.

அதுலேர்ந்து என் கணக்கு இதான்: வருஷம் மட்டும் சொன்னான்னா அவனுக்கே தெரியாது. மார்ச்னா கொஞ்சம் சந்தேகமாப் பாரு, நெறைய கம்பெனிக்கு மார்ச் 31தான் கணக்கு முடிக்கிற நாள், அதுக்குள்ள காட்டியாகணும்னு சொல்லி வெப்பான்.

லாஸ்பேட்டை லோகு:
சில்க்சாங் கேமுக்குக் காத்திருந்தவங்க யாரும் இல்லியா இங்க? 2019 பிப்ரவரில அறிவிச்சது. 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சில காட்டுன கேம் எல்லாம் 12 மாசத்துக்குள்ள வருதுன்னான், அதுல இதுவும் ஒண்ணு, 2023 மே மாசத்துல அதுக்குள்ள வராதுன்னுட்டான். அப்புறம் 2025 ஆகஸ்ட் 21ல திடீர்னு வந்து செப்டம்பர் 4ன்னான். ரெண்டே வாரம். சொன்ன நாள்ல நம்ம டைம் சாயந்திரம் ஏழரைக்கு வந்துச்சு, ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ஏறுனதுல கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் ஆன்லைன் கடையே படுத்துக்கிச்சு. காசு கட்ட முடியல. ஆறு வருஷம் காத்திருந்தது கஷ்டமா தெரியல, அன்னைக்கு அந்த சுத்துற வட்டத்த பார்த்துட்டு உக்காந்திருந்ததுதான் கடுப்பு.

அரியாங்குப்பம் அக்கா:
நானும் என் தம்பியும் சைபர்பங்க் 2077 கேமுக்குக் காத்திருந்த ஆளுங்க. 2020 ஏப்ரல் 16, அப்புறம் செப்டம்பர் 17, அப்புறம் நவம்பர் 19. அக்டோபர் ஆரம்பத்துல 'கோல்ட்' ஆயிடுச்சுன்னு அறிவிச்சான், அப்படின்னா டிஸ்க் அடிக்க மாஸ்டர் காப்பி ரெடின்னு அர்த்தம், இனிமே மாறாதுன்னு தம்பி ஆபீஸ்ல லீவே சொல்லிட்டான். அந்த மாசமே 27ஆம் தேதி, இன்னும் 21 நாள் தள்ளுறோம், ஒன்பது வெர்ஷன் ஒரே நேரத்துல பார்க்க வேண்டியிருக்குன்னு மஞ்சக் கலர் நோட்டீஸ் வருது. கல்யாணப் பத்திரிகை அடிச்சப்புறம் முகூர்த்தத்த மாத்துன மாதிரி!

ஆனா அது நல்லதாப் போச்சுங்க. நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல். வானிலைக்காரங்க சொன்ன ராத்திரியே மரக்காணம் பக்கம் கரையக் கடந்துச்சு, தம்பி டார்ச் வெளிச்சத்துல ஒக்காந்து "இவங்களையாவது கேம் கம்பெனில வேலைக்குச் சேத்துக்கலாம்"ங்கறான். எங்க தெருவுல கரண்ட் இல்ல, நவம்பர் 19க்கு வந்திருந்தா பாதில நின்னிருக்கும். டிசம்பர் 10 விடியக்காலைல அஞ்சரைக்கு பிசில தொறந்துச்சு, நான் கோலம் போட எழுந்தா அவன் அப்பதான் உள்ள போறான். எங்க சித்தப்பா பையன் சோனியோட பிஎஸ் 4 கன்சோல்ல வாங்கியிருந்தான், அவன் ஸ்க்ரீன்ல மனுசன் மூஞ்சியே சேமியா பாயசம் மாதிரி கரைஞ்சு கெடந்துச்சு, ஒரு வாரத்துல சோனி தன் கடையிலேர்ந்தே அந்த கேம தூக்கிடுச்சு. மூணு தடவ தேதி மாத்துனது தப்பில்ல, நாலாவது தடவ மாத்தாததுதான் தப்புன்னு நான் சொல்வேன்.

மஞ்சக்குப்பம்காரன்:
அக்கா, நவம்பர் 19ன்னதும் பக்குன்னுச்சு. ஜிடிஏ 6 மொதல்ல 2025, அப்புறம் 2026 மே 26, இப்போ 2026 நவம்பர் 19ல நிக்குது. லீவு லெட்டர் அடிச்சு வெச்சிருக்கேன், தேதி மட்டும் எழுதல.

கடைப்பையன்_பாண்டி:
பென்சில்ல எழுது தம்பி. இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தி வெச்சிக்க, அது கார்த்திகை மாசம்.