மதுரையில் இறங்கி தூத்துக்குடிக்கு

*முத்து (சிங்கப்பூர்):* ஆச்சிக்கும் எனக்கும் மதுரைக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்கிருந்து தூத்துக்குடிக்கு விமானம் தேடினேன். 123 கி.மீ., 20 நிமிடம் என்று ஓர் இணையதளம் சொல்கிறது. புக் பண்ணப் போனால் சென்னை வழியாக என்று வருகிறது. என்ன செய்யலாம் சித்தப்பா?

*கணேசன் சித்தப்பா:* அது மேப்பில் கோடு போட்டு அளந்த தூரம் தம்பி. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நேரடி விமானம் கிடையாது. சென்னைக்கு 417 கி.மீ. வடக்கே போய், திரும்பவும் 527 கி.மீ. தெற்கே வரவேண்டும். பக்கத்து ஊருக்கு வர 944 கி.மீ. பறக்கணுமா?

*செல்வி அத்தை:* எங்க அம்மாவுக்கு, உன் ஆச்சிக்கு, முட்டிவலி இருக்கே. காரில் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

*ராஜி மதினி:* மதுரை டிக்கெட்டை மாற்றிவிட்டு, சிங்கப்பூர், சென்னை, தூத்துக்குடி என்று போட்டால் என்ன? 2025 ஜூலையில் வாகைகுளத்தில், அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்டில், புது டெர்மினல் திறந்தார்கள். 1,350 மீட்டர் ஓடுதளத்தை 3,115 மீட்டர் ஆக்கிவிட்டார்கள். முன்பு மாதிரி சின்ன ஏடிஆர் விமானம் மட்டும்தான் இறங்க முடியும் என்றில்லை.

*கணேசன் சித்தப்பா:* வாகைகுளம் நன்றாகத்தான் இருக்கிறது ராஜி. சென்னையில் இருந்து தனியாக வருகிற ஆளுக்கு அதுதான் சுகம். ஆனால் வெளிநாட்டில் இருந்து வந்தால் சென்னையிலேயே இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து, உள்நாட்டு டெர்மினலுக்குப் போய், மறுபடி பெட்டி போட்டு, மறுபடி செக்யூரிட்டி. வீல்சேர் இருந்தாலும் அம்மா ஓய்ந்துபோவாள். முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போச்சு.

*முத்து:* சரி, ரோட்டில் எவ்வளவு?

*கணேசன் சித்தப்பா:* ஏர்போர்ட்டில் இருந்து ஏர்போர்ட்டுக்கு என்றால் 140 சொச்சம். ஆனால் நமக்கு எதற்கு அந்தக் கணக்கு? வாகைகுளம் ஊருக்கு மேற்கே, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறது. அங்கே இறங்கினாலும் 15 கி.மீ.க்கு மேல் கிழக்கே திரும்பி வரணும். மதுரையில் இருந்து கார் நேரே ஊருக்குள் வந்துவிடும். மதுரை ஏர்போர்ட் பக்கத்துப் பெருங்குடியில் இருந்து நான்குவழிச் சாலையைப் பிடித்தால் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை, அப்புறம் ஊர்தான். இரண்டு, இரண்டேகால் மணி நேரம். உப்பு லோடு ஏற்றிப் பழகின ரோடு, வளைவே அதிகம் கிடையாது.

*செல்வி அத்தை:* நடுவில் நிறுத்தி நிறுத்தி வரச்சொல்லு தம்பி. அம்மா கேட்கமாட்டாள், நீங்களாகவே நிறுத்துங்கள்.

*முத்து:* கண்டிப்பா அத்தை. அருப்புக்கோட்டையில் ஒன்று, எட்டயபுரத்தில் ஒன்று. இறங்கி நாலு எட்டு நடக்க வைக்கிறேன்.

*ராஜி மதினி:* முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்துக் கொடுங்கள். காலை நீட்ட இடம் கிடைக்கும். மதுரையில் வீல்சேர் வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லிவை முத்து, இறங்கின பிறகு கேட்டால் காக்க வைப்பார்கள்.

*முத்து:* இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் மதினி.

*கணேசன் சித்தப்பா:* ஒரே விஷயம், ராத்திரி ஓட்டம் வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லரை லைட் இல்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள், பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். விமானம் தாமதமானால் மதுரையில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். நம்ம தெருவில் வாடகைக்கு ஓட்டுகிற பையனையே அனுப்புகிறேன். எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் இரண்டிலும் டோல் உண்டு, பாஸ்டேக்கில் பணம் இருக்கா என்று அவனிடம் கேட்டுவிட்டு வண்டி நம்பரை இங்கே போடுகிறேன்.