ஜெர்மனியில் ஓ-பேர் (வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு இளையவர்) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம், நாலு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு வாண்டுகள். எங்கள் இருவருக்கும் வேலை. ஆள் பற்றாக்குறை என்று கிண்டர்கார்டனை வாரத்தில் இரண்டு நாளாவது மதியம் ஒரு மணிக்கே மூடிவிடுகிறார்கள், போன் வந்ததும் மீட்டிங்கைப் பாதியில் விட்டு ஓட வேண்டியிருக்கிறது.

வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஊரிலிருந்து என் சித்தி மகளையே ஓ-பேராக வரவழைக்கலாம் என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, சொந்தக்காரர்கள் வர முடியாதாம், அதோடு தாய்மொழி ஜெர்மன் இல்லாத வீட்டுக்கு அந்த வீட்டாரின் சொந்த நாட்டிலிருந்தே ஆள் எடுக்கவும் கூடாதாம். சரி, இப்போது ஜார்ஜியா, கென்யா பக்கம் தேடுகிறோம். 27 வயதுக்குள் இருக்க வேண்டும், ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை ஜெர்மன் வேண்டும்.

மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, மொழி வகுப்புக்கு 70, இன்சூரன்ஸ் எங்கள் பொறுப்பு, வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. ஓ-பேராக வருபவர் வீட்டு வேலைக்காரி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மாடியில் தனி அறை இருக்கிறது, கூரை சாய்வாக இருப்பதால் ஜன்னல் பக்கம் எழுந்தால் தலை இடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி என்னவென்றால், ஏஜென்சி வழியாக எடுத்தீர்களா, நேரடியாகவா? விசாவுக்கு எத்தனை மாதம் ஆனது? சின்னவள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், புது ஆளிடம் ஒட்ட எத்தனை நாள் ஆகும்? வீடியோ காலில் பேசும்போது என்ன கேட்டீர்கள்? சரிப்பட்டு வராமல் பாதியில் மாற்றியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இன்பாக்ஸிலும் வரலாம்.