‘விலக்கு’ என்பது தடையா, விடுவிப்பா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மதுவிலக்கு என்றால் மதுவைத் தடுப்பது, வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து விடுவிப்பது. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் நிற்கிறது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். பழைய நூல்களில் இச்சொல் எப்பொருளில் வழங்கியது என்பதைச் சான்றோடு விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மூதூர்):
ஆசிரியருக்கு வணக்கம். ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை. ஒன்றை மற்றொன்றிடமிருந்து அகற்றுவதே அடிப்படைப் பொருள். மதுவிலக்கில் மக்களிடமிருந்து மது அகற்றப்படுகிறது. வரிவிலக்கில் செலுத்தவேண்டியவரிடமிருந்து வரி அகற்றப்படுகிறது. அகற்றப்படுவது வேண்டியதா வேண்டாததா என்பதைப் பொறுத்தே அது நமக்குத் தடையாகவோ விடுவிப்பாகவோ தோன்றுகிறது.

திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், தொடக்கத்திலேயே அறத்தை ‘மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் ஆம்’ என்று வரையறுக்கிறார். இங்கே ‘விலக்கியன’ என்பவை செய்யலாகாதவை என்று நூல்கள் தடுத்தவை. ‘விதிவிலக்கு’ என்பதும் பழைய வழக்கில் உம்மைத்தொகையாக நின்று, செய்க என்ற விதியையும் செய்யற்க என்ற விலக்கையும் சேர்த்துக் குறிக்கும். இன்று நாம் அதை விதிக்குள் அடங்காதது என்று மட்டுமே கொள்வதால், பழைய உரைகளைப் படிக்கும் மாணவர்கள் பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுமொழி 2 (பாலையூற்று):
தண்டியலங்காரம் கூறும் ‘முன்னவிலக்கு’ அணியையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘முன்னம்’ என்பது குறிப்பு. குறிப்பினால் ஒன்றை மறுப்பதே இவ்வணி. பொருள்தேடப் பிரிய நினைக்கும் தலைவனிடம் ‘போகாதே’ என்ற சொல்லே வராமல் தலைவி பயணத்தைத் தடுத்துவிடுவது இதற்கு நல்ல இடம். தடுப்பதற்கு ஆணை வேண்டியதில்லை என்பதை இத்தனை நுட்பமாகக் காட்டும் அணி வேறில்லை என்பேன்.

மறுமொழி 3 (மதுரையில் கற்றுத் திரும்பியவர்):
தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தையும் ‘விலக்கு’ என்பார்கள். பேருந்து நிறுத்தங்களே அப்பெயரில் உண்டு. மூதூர் அன்பர் சொன்ன அடிப்படைப் பொருள் அங்கே கண்கூடு. ஆட்சிச் சொல்லாக மதுவிலக்கு அங்கு வேரூன்றியது, 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் அதை நடைமுறைப்படுத்திய காலத்தை ஒட்டியே.

மறுமொழி 4 (மூதூர்):
நம் பக்கத்தில் நீதிமன்றம் பிறப்பிப்பது ‘விலக்கு’ அன்று, ‘தடையுத்தரவு’. கடற்றொழிலாளர் பேச்சிலும் ‘தடைசெய்யப்பட்ட வலை’தான். விசாரணைக்காக ஒருவரைக் காவலில் வைக்கும் ‘விளக்கமறியல்’ என்பதை ‘விலக்கமறியல்’ என்று எழுதும் பிள்ளைகளுக்கு, அங்கே உள்ளது வழக்கு விசாரணையைக் குறிக்கும் ‘விளக்கம்’ என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.