புதுப்பிப்பு: எல்க் வேட்டைக்கு .30-06 போதுமா, .300 வின்செஸ்டர் மேக்னம் வேண்டுமா?

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் துப்பாக்கி) வாங்கலாம், .30-06 தோட்டாவுக்கானதா, அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கானதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயப்படாமல் சுட முடிகிற துப்பாக்கியை வாங்குங்கள்" என்றவரின் யோசனைதான் பலித்தது.

.30-06-இல் டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற ரைஃபிளை வாங்கி, 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) எடைக் குண்டு உள்ள தோட்டா போட்டு, 200 கெஜத்தில் குறி சரியாக விழும்படி ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிசெய்தேன். எல்க் நின்றது சுமார் 170 கெஜத்தில். தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரே குண்டு. கொஞ்ச தூரம் நடந்து விழுந்துவிட்டது. மேக்னம் தேவைப்படவே இல்லை.

எதிர்பாராதது இரண்டு. ஸ்கோப் இல்லாமல் துப்பாக்கி 3 கிலோதான், மலையேறச் சுகம். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். 20 ரவுண்டுக்குள் தோள் கெஞ்சியது. அப்புறம், மலைச்சாலையில் வண்டி குலுங்கியதில் ஸ்கோப் திருகு தளர்ந்து, குண்டு 6 அங்குலம் இடப்பக்கம் விலகியது. வேட்டைக்கு முந்தைய நாள் சுட்டுப் பார்த்ததால் தப்பித்தேன். திருகு முடுக்கும் சாவியைக் கையோடு எடுத்துப் போங்கள்.