மலையாளம் கொடுந்தமிழிலிருந்து வந்தது என்று ஏ.ஆர். ராஜராஜ வர்மா ஏன் சொன்னார்?

நாடுகாணி மாணவன் கேட்டது:

வணக்கம். வீடு நாடுகாணியில், கல்லூரி மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கம். இரண்டாம் மொழியாக மலையாளம் எடுத்திருக்கிறேன். ஏ.ஆர். ராஜராஜ வர்மா எழுதிய மலையாள இலக்கண நூலான ‘கேரளபாணினீய’த்தின் பீடிகை, அதாவது முன்னுரைப் பகுதி, இந்தப் பருவத்துக்குப் பாடம். மலையாளம் கொடுந்தமிழிலிருந்து, அதாவது வட்டார வழக்குத் தமிழிலிருந்து, பிரிந்தது என்கிறார். வகுப்பில் இதை நான் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். தமிழன் வேறு என்ன சொல்வான் என்று கேலி. ஆனால் எழுதியவர் சங்ஙனாசேரி லட்சுமிபுரம் அரண்மனைக்காரர், சமஸ்கிருதத்தில் ‘ஆங்கலசாம்ராஜ்யம்’ என்று மகாகாவியமே இயற்றியவர். அவருக்குத் தமிழ்ப் பற்று எங்கிருந்து வந்தது? தமிழ் மலையாளமாக மாறிய வழிகளை ஆறு நயங்கள் என்கிறாரே, அவற்றையும் யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பந்தலூர் கணக்கப்பிள்ளை:

தம்பி, தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மலையாளம் பிரட்டுக்களத்து மலையாளம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் கேட்டுப் பழகியது. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், மீதிப் பேர் மலையாளிகள். காலையில் பேர் வாசிக்கும்போது மலையாளி மேஸ்திரி, “ராசு வந்நோ? செல்லம்மா வந்நோ?” என்பார். “ராசு வந்தான், செல்லம்மா வந்தாள்” என்று வரிசையிலிருந்து பதில் வரும். மேஸ்திரிக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுதான்: ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. யார் வந்தது என்பதை வினைமுற்று காட்டிக்கொடுக்காது. செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் ஏற்றுகிறவனுக்கு இது எவ்வளவு தொல்லை என்று உனக்குத் தெரியாது! அந்த எரிச்சலில்தான் கேரளபாணினீயத்தைத் தேடிப் பிடித்தேன். ‘புருஷபேதநிராசம்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார் மனிதர்.

அதே ‘வந்நு’வில் இன்னொரு நயமும் இருக்கிறது. ‘ந்த’ என்பது ‘ந்ந’ ஆகிவிட்டது பார். மெல்லினம் தனக்கு அடுத்த வல்லினத்தையும் மூக்கொலியாக்கிவிடுகிறது. கஞ்சி கஞ்ஞி ஆகும், தேங்காய் தேங்ஙா, நீங்கள் நிங்ஙள். அனுநாசிகாதிபிரசரம் என்ற பெயரைக் கண்டு மிரளாதே, கஞ்ஞியை நினைத்துக்கொள். அடித்து அடிச்சு ஆவதும் ஐந்து அஞ்சு ஆவதும் தவர்க்கோபமர்தம். நாமும் வாயால் அப்படித்தான் சொல்கிறோம். அவர்கள் ஏட்டிலும் ஏற்றிவிட்டார்கள். மலை மல ஆவது, தலை தல ஆவது எல்லாம் ஸ்வரசம்வரணம், உயிரொலி ஒடுங்குவது. தமிழ் கைவிட்ட பழைய உருவங்களை விடாமல் வைத்திருப்பது கிலோபசங்கிரகம். சொல்லின் உறுப்பு தேய்ந்து குறைவது அங்கபங்கம்.

பற்று எங்கிருந்து வந்தது என்கிறாய். பற்றே இல்லை, தம்பி. அவர் சமஸ்கிருத இலக்கண ஆசான் பாணினியில் ஊறியவர். ‘லகுபாணினீயம்’ என்று சமஸ்கிருத இலக்கணத்தையே திருப்பி அடுக்கியவர். பேசுகிற மொழி எப்படி நடக்கிறதோ அதை விதியாக்குவதுதான் பாணினி காட்டிய வழி என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் சமஸ்கிருத விதியைக் கொண்டுவந்து மலையாளத்தின் தலையில் கட்டவில்லை. சிரிக்கிறவர்களிடம் நூலின் கலைச்சொற்களைக் காட்டு: பேரெச்சம், வினையெச்சம், முற்றுவினை. வினையெச்சத்தை முன், பின், தன், நடு, பாக்ஷிகம் என்று ஐந்தாக வகுத்தாரே, கடைசிப் பெயரைத் தவிர மற்ற நான்கும் உன் வீட்டுச் சொற்கள். கொடுந்தமிழ் நாடுகளென்று நம் உரையாசிரியர்கள் எண்ணிய பன்னிரண்டில் வேணாடு, குட்டநாடு, குடநாடு, கற்காநாடு, பூழிநாடு என ஐந்து மலையாளக் கரையில் இருக்கின்றன என்று கணக்கும் போட்டுத் தருகிறார். கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு அந்த இடம் மிகவும் பிடித்தது.

சேரம்பாடி வாசகி:

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னது சரி. ஆனால் தம்பி வகுப்பில் இதையே இறுதித் தீர்ப்பாக வைத்து மல்லுக்கு நிற்க வேண்டாம். பழைய மலையாளக் காவியமான ‘இராமசரித’த்தில் வினைக்குப் பால் காட்டும் விகுதிகள் இருக்கின்றன, ஆகவே அவை பிறகுதான் உதிர்ந்தன என்பது ராஜராஜ வர்மா கட்சி. அது மக்கள் பேசிய மொழியே அல்ல, தமிழ்ப் பாட்டு மரபுக்காகச் செய்துகொண்ட செய்யுள் நடை என்று எதிர்க்கட்சி அடித்துச் சொல்லும். இன்றைய மொழியியலாளர் பலர் தாய், மகள் என்ற உறவை விட்டுவிட்டு, பழைய பொதுநிலை ஒன்றிலிருந்து இரண்டும் பிரிந்தன என்றே எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் எழுதினால் மதிப்பெண் வரும்.

கோத்தகிரி தமிழாசிரியை:

நயங்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவர் போட்ட சண்டையை விட்டுவிட்டீர்களே! மாமன் முறையான கேரளவர்ம வலியகோயித்தம்புரான்தான் அவருக்குக் குரு. திருவிதாங்கூர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் கோபத்துக்கு ஆளாகி 1875இல் ஆலப்புழையில் சிறை வைக்கப்பட்டு, பின்பு ஹரிப்பாட்டில் காவலில் இருந்தவர். சிறுவன் ராஜராஜ வர்மா அவரிடம் பாடம் கேட்டது அங்கேதான். ஹரிப்பாட்டுச் சுப்பிரமணியர் கோயில் மயிலைத் திருவனந்தபுரத்திலிருந்த மனைவிக்குத் தூதுவிடுவதாகக் குரு பாடிய ‘மயூரசந்தேசம்’ 1894இல் வந்தது, அடிதோறும் துவிதீயாக்ஷரப் பிராசத்துடன். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, அதாவது நம் எதுகை. மறு ஆண்டே மருமகன் ராஜராஜ வர்மா காளிதாசரின் மேகதூதத்தை அந்தப் பிராசம் இல்லாமல் மொழிபெயர்த்தார். எழுத்து ஒப்பனைக்காகப் பொருளைப் பலியிடக் கூடாது என்பது அவர் கட்சி. குருவின் முகத்துக்கு நேரே இப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சண்டை அதோடும் ஓயவில்லை. கே.சி. கேசவ பிள்ளை பிராசம் இன்றி ‘கேசவீயம்’ பாட, உள்ளூர் பரமேசுவர ஐயர் பிராசத்தோடு ‘உமாகேரளம்’ பாடினார்.

எனக்கு இதில் ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு. 14ஆம் நூற்றாண்டு ‘லீலாதிலகம்’ மலையாள இலக்கியத்துக்குச் சமஸ்கிருதத்தில் எழுதிய இலக்கணம். அதுவே ‘பாட்டு’ என்ற செய்யுள் வகைக்கு எதுகையும் மோனையும் வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே மலையாளம் தமிழிலிருந்து பிரிந்தது என்று சொன்ன மனிதர்தான் எதுகையை விரட்டினார், பார்த்தீர்களா?

நாடுகாணி மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. அங்கபங்கத்துக்கு மட்டும் ஓர் உதாரணம் வேண்டும்.

பந்தலூர் கணக்கப்பிள்ளை:

‘அவனுடைய’ என்று நாம் நீட்டுவதை மேஸ்திரி ‘அவன்டெ’ என்று முடித்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரித் தேய்வு. இன்னொன்று. விடையில் 1896ஐயும் 1917ஐயும் கலந்துவிடாதே. கேரளபாணினீயத்தின் முதல் பதிப்பு 1896. அதைப் பெரிதும் திருத்தி எழுதி 1917இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜூனில் தம் 55ஆம் வயதில் காலமானார். இன்று எல்லோரும் படிப்பது திருத்திய நூலைத்தான், உன் பாடமும் அதுவாகவே இருக்கும்.